ஊரிலிருந்து வந்த அசிட் போத்தல்: குளியலறைச் சுத்தம் பற்றி நாம் நம்பும் சில தவறுகள்

கிருலப்பனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸ் வீட்டின் குளியலறைக்கு யன்னல் இல்லை. கூரைக்குக் கிட்ட, ஒரு அப்பியாசக் கொப்பி அளவில் காற்றுத் துவாரம் ஒன்று மட்டும் உண்டு. கொழும்பில் ஒரு வீட்டை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து வாடகைக்கு விடும்போது முதலில் காணாமற்போவது குளியலறை யன்னல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் குளியலறைக்குள் இருந்து அம்மா இருமும் சத்தம் கேட்டது. சாதாரண இருமல் அல்ல. கதவைத் திறந்தபோது மூக்கைக் குத்தும் ஒரு மணம். அம்மா சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். இரண்டு கண்களாலும் நீர் வழிந்தது. "நெஞ்சுக்குள்ள நெருப்பு வைச்ச மாதிரிக் கிடக்குது பிள்ளை" என்றார்.

முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். அங்கே வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "எதையும் எதையும் கலந்தீர்களா?"

அம்மா எதையும் கலக்கவில்லை. அவர் வழமைபோல அசிட் மட்டும்தான் ஊற்றினார். ஆனால் முதல் நாள் இரவு தங்கச்சி, தரையில் பிடித்திருந்த கறுப்புப் பாசி போகட்டும் என்று பிளீச் ஊற்றி, கழுவாமல் ஊறவிட்டிருந்தாள். அதை அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டாள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் தரையில் சந்தித்துக்கொண்டன.

ஒட்சிசன் வைத்து, மாலைவரை கண்காணித்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். வரும் வழியில் அம்மா சொன்னார்: "நாப்பது வருசமா அசிட்டாலதான் கழுவிறன். ஒரு நாளும் இப்பிடி வரேல்லை."

அவர் சொன்னது உண்மை. ஊரில் அது வரவில்லை. ஏன் வரவில்லை, இங்கே ஏன் வந்தது என்பதைத் தேடிப் பார்த்தபோது, குளியலறை கழுவுவது பற்றி எங்கள் வீட்டில் நம்பிவந்த பல விடயங்கள் தவறு என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் மட்டும் இருக்கும் நம்பிக்கைகள் அல்ல அவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன?

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்று நீர் அந்தக் கல்லுக்குள் இருந்தே வருகிறது. ஆகவே அதில் கல்சியம் அதிகம். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையும், வாளியின் விளிம்பில் இறுகும் வெள்ளைக் கோடும், மலசலகூடப் பீங்கானில் ஏறும் மஞ்சள் காறையும் பெரும்பாலும் இந்தக் கல்சியம் காபனேற்றுத்தான். சவர்க்காரம் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. அமிலம் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். எனவே ஊரில் அசிட் பாவித்தவர்கள் முட்டாள்தனமாகப் பாவிக்கவில்லை. அங்கிருந்த அழுக்குக்கு அது பொருத்தமானது.

இன்னொன்றும் உண்டு. ஊரில் மலசலகூடம் வளவின் மூலையில், வீட்டிலிருந்து தள்ளி இருந்தது. சுவருக்கும் கூரைக்கும் இடையே இடைவெளி இருந்தது. வேப்பமரக் காற்று உள்ளே வந்து போகும். அசிட் ஊற்றினால் எழும் புகை அப்படியே வெளியே போய்விடும்.

பிளீச்சிங் பவுடரை நாங்கள் கூடுதலாக அறிந்துகொண்டது இடம்பெயர்வுகளில்தான். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தில் இருந்து வெளியேறியபோது, பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் ஒரு மலசலகூடத்துக்கு எத்தனை குடும்பங்கள் வரிசையில் நின்றன என்பதை அந்தத் தலைமுறை மறக்காது. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அடைக்கப்பட்டார்கள். மனிதாபிமான உதவிகளுக்கான சர்வதேச அளவுகோலின்படி 20 பேருக்கு ஒரு மலசலகூடம் இருக்க வேண்டும். முகாம்களில் அந்த அளவை எட்டுவதே பெரும்பாடாக இருந்தது. வயிற்றோட்டமும் மஞ்சட்காமாலையும் பரவிவிடுமோ என்ற பயத்தில் வெள்ளைத் தூளை அள்ளிக் கொட்டினோம். அந்த மணம் வந்தால்தான் பாதுகாப்பு என்று மனதில் பதிந்துவிட்டது.

பின்னர் கொழும்புக்கு வந்தோம். சிலர் லொட்ஜுகளில், சிலர் உறவினர் வீடுகளில், சிலர் வெள்ளவத்தை, பாமன்கடை, கிருலப்பனை அனெக்ஸ்களில். ஊரின் அசிட் போத்தலும் முகாமின் வெள்ளைத் தூளும் எங்களோடு வந்தன. ஆனால் இங்கே தண்ணீர் வேறு, அறையும் வேறு.

தவறு 1: "அசிட் போடாவிட்டால் சுத்தமே இல்லை"

கொழும்புக்குக் குழாயில் வரும் நீர் களனி கங்கையில் இருந்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் வருகிறது. லபுகமவில் இருந்து 1886 ஆம் ஆண்டு முதலே கொழும்புக்கு நீர் வருகிறது. இவை மழையும் ஆறும் தந்த மென்னீர். யாழ்ப்பாணக் கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்பு இதில் இல்லை. கொழும்பில் பல வருடம் பாவித்த கேத்திலைத் திறந்து பாருங்கள். ஊரில் ஆறு மாதத்தில் பிடிக்கும் வெள்ளைப் படை இங்கே இராது.

அப்படியானால் கிருலப்பனைக் குளியலறையில் இருக்கும் அழுக்கு என்ன? உடம்பு எண்ணெய், சவர்க்கார மிச்சம், முடி, தூசி, ஈரத்தில் வளரும் பங்கசு. இவற்றில் எதற்கும் கடும் அமிலம் தேவையில்லை. சவர்க்காரத் தூளும் வெந்நீரும் தும்புத்தடியும் போதும்.

தேவையில்லாத இடத்தில் அசிட் ஊற்றினால் அது சும்மா இருக்காது. ரைல்ஸ்களுக்கு இடையில் பூசியிருப்பது சீமெந்து. சீமெந்திலும் கல்சியம்தான் இருக்கிறது. காறையைக் கரைக்கும் அதே அமிலம் அந்தச் சீமெந்தையும் கரைக்கும். கிழமைக்கு ஒருமுறை அசிட் ஊற்றினால் சில வருடங்களில் இடைவெளிகள் பள்ளமாகும், நீர் கீழே இறங்கும். மாடிவீடு என்றால் கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஈரம் தெரியும், சண்டை வரும். வாடகை வீடு என்றால் வெளியேறும்போது முற்பணத்தில் கழிப்பார்கள். அசிட் ஆவி பட்டுக் குழாய்களின் பளபளப்பும் உரிந்துபோகும். "நாங்கள் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தோம், ஏன் கழிக்கிறீர்கள்?" என்று கேட்பதில் பயன் இராது.

தவறு 2: "இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன்"

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

பிளீச் என்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. முகாமில் கண்ட பிளீச்சிங் பவுடர் அதன் கல்சிய வகை. அசிட் என்பது ஐதரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு வெளியேறும். முதலாம் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜேர்மன் படைகள் 150 தொன்னுக்கும் அதிகமாக அவிழ்த்துவிட்டது இதே வாயுவைத்தான். அளவு வேறு, ஆனால் நுரையீரலுக்குள் அது செய்யும் வேலை ஒன்றே. ஈரமான சுவாசப் பாதையில் பட்டதும் அது மீண்டும் அமிலமாகி உள்ளிருந்து சுடுகிறது.

குளோரீன் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது. ஆகவே அது மேலெழுந்து காற்றுத் துவாரத்தால் போகாது. தரையோடு தங்கும். குந்தியிருந்து பீங்கானைத் தேய்ப்பவரின் மூக்கு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தையின் மூக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

வேண்டுமென்று கலப்பவர்கள் குறைவு. தெரியாமல் சந்திப்பதுதான் அதிகம். 2019 நவம்பரில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலம், பர்லிங்டன் நகரில் ஓர் உணவகத்தில் ஒருவர் இறந்தார். சமையலறைத் தரையில் முதலில் அமிலம் கலந்த கழுவு திரவம் சிந்தியிருந்தது. அது தெரியாமல் இன்னொரு ஊழியர் அதே தரையில் பிளீச் கலந்த திரவத்தை ஊற்றினார். தரை பச்சையாகி நுரைத்தது. அதை வெளியே தள்ளிவிட முயன்ற முகாமையாளர்தான் உயிரிழந்தவர். எங்கள் வீட்டில் நடந்ததும் இதே கதைதான், நல்லகாலம் முடிவு வேறாக இருந்தது.

ஜப்பானில் 1980களின் இறுதியில் வீட்டுக் குளியலறைகளில் இப்படிச் சிலர் இறந்தார்கள். அதன் பின்னர் அங்கே இவ்வகைப் போத்தல்களின் முகப்பில் "கலக்காதே, ஆபத்து" என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் இருந்த இரண்டு போத்தல்களையும் எடுத்துப் பார்த்தேன். பிளீச் போத்தலில் எச்சரிக்கை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழில் இல்லை. அசிட் போத்தலில் எதுவுமே இல்லை. அது கடையில் சில்லறையாக வாங்கிப் பழைய தண்ணீர்ப் போத்தலில் ஊற்றியது. 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் அந்த ஒரு வரி இருந்திருந்தால், போத்தலை ஒருமுறை திருப்பிப் பார்த்திருப்பார்.

தண்ணீர்ப் போத்தலில் அசிட் வைத்திருப்பவர்கள் இதை வாசித்ததும் எழுந்துபோய் அதற்கு ஒரு பெயர் எழுதுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது தண்ணீர்தான்.

தவறு 3: "ஹார்பிக் அசிட் இல்லை, அதோடு பிளீச் போடலாம்"

மலசலகூடத்துக்கென்று விற்கும் தடித்த திரவங்கள் அசிட்டைவிட மென்மையானவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஹார்பிக் போன்றவற்றின் வழமையான வகையில் இருப்பதும் ஐதரோகுளோரிக் அமிலம்தான், ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம். தடிப்பாக இருப்பதால் மெல்ல வழிகிறது, அவ்வளவுதான். பிளீச்சோடு சேர்ந்தால் அதுவும் குளோரீனைத்தான் தரும்.

குழப்பம் என்னவென்றால், ஒரே நிறுவனத்தின் பெயரில் அமில வகையும் பிளீச் வகையும் விற்கப்படுகின்றன. ஆகவே பெயரைப் பார்க்காமல் பின்பக்க லேபலைப் பாருங்கள். அங்கே "அசிட்" என்ற சொல் இருந்தால் அது ஒரு குடும்பம், "ஹைப்போகுளோரைட்" அல்லது "பிளீச்" என்ற சொல் இருந்தால் அது மற்றக் குடும்பம். இரண்டு குடும்பத்தையும் ஒரே நாளில் ஒரே அறைக்குள் எடுக்க வேண்டாம்.

தவறு 4: "தேசிக்காயும் வினாகிரியும் இயற்கை, அவை ஒன்றும் செய்யாது"

வினாகிரியும் தேசிப்புளியும் அமிலங்களே. மெல்லிய அமிலங்கள். பிளீச்சோடு சேர்ந்தால் அவையும் குளோரீனை வெளிவிடும்.

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கலந்து ஊற்றினால் நுரை பொங்கும். அந்த நுரையைப் பார்த்து அழுக்கு கிளம்புகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நுரை அடங்கிய பின் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கலந்த நீர். இரண்டையும் தனித்தனியே பாவித்தால் பயன் உண்டு. ஈரத்தில் தோய்த்த அப்பச்சோடாவால் தேய்க்கலாம். வினாகிரியில் துணியை நனைத்துக் குழாயில் சுற்றி ஒரு மணித்தியாலம் விட்டால் காறை இளகும்.

பழைய இரும்புக் குழாய் உள்ள வீடுகளில் பீங்கானில் மண்ணிறக் கறை விழும். அது துரு. அதற்குப் பிளீச் ஊற்றினால் கறை இன்னும் இறுகும். துருவுக்குத் தேசிப்புளிதான் சரியான மருந்து. ஆனால் முதல் நாள் பிளீச் பாவித்திருந்தால் நன்றாகக் கழுவி, இன்னொரு நாளில் செய்யுங்கள்.

தவறு 5: "மணம் கூடினால் கிருமி குறையும்"

முகாம் எங்களுக்குக் கற்றுத்தந்த பாடம் இது. அதில் பாதி உண்மை. குளோரீன் கிருமிகளைக் கொல்லும். ஆனால் அழுக்கின் மேல் நேரே ஊற்றினால், அந்த அழுக்கோடு தாக்கம் புரிவதிலேயே அதன் சக்தி தீர்ந்துவிடும். கிருமிக்கு மிஞ்சுவது குறைவு. முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கழுவி, அதன் பிறகு பிளீச் போட வேண்டும்.

அளவும் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. கடையில் வாங்கும் திரவப் பிளீச் ஐந்து வீதம் செறிவுடையது என்றால், ஒரு லீற்றர் நீருக்கு 20 மில்லிலீற்றர், அதாவது நான்கு தேக்கரண்டி போதும். அது 0.1 வீதக் கரைசல். கொரோனாக் காலத்தில் வீட்டு மேற்பரப்புகளுக்குச் சொல்லப்பட்ட அளவும் இதுதான். அதை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஊற்றிய உடனே கழுவினால் பயன் இல்லை. சுடுநீரில் கலந்தால் பிளீச் சிதைந்துவிடும், குளிர்நீர்தான் வேண்டும். நேற்றுக் கலந்த கரைசலும் இன்று வீரியம் இழந்திருக்கும்.

தேங்கிய சிறுநீரில் அமோனியா உண்டு. அதன் மேல் பிளீச் ஊற்றினாலும் குளோரமீன் என்ற எரிச்சலூட்டும் வாயு வரும். பல குடும்பங்கள் பகிரும் மலசலகூடங்களில் கண் எரிவதற்கு இது ஒரு காரணம். முதலில் ஒரு வாளி நீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

தவறு 6: "கறுப்புப் பாசிக்குப் பிளீச் ஒன்றே தீர்வு"

ரைல்ஸ் இடுக்குகளிலும் கதவடியிலும் வளரும் கறுப்பு, பாசி அல்ல, பங்கசு. பிளீச் போட்டதும் அது வெளுத்துவிடும். ஆனால் சீமெந்தின் நுண்துளைகளுக்குள் இருப்பது சாகாமல் இருக்கலாம். இரண்டு கிழமையில் திரும்பவும் கறுக்கிறது. நாங்கள் மீண்டும் பிளீச் ஊற்றுகிறோம், இந்த முறை கூடுதலாக.

பங்கசுக்கு வேண்டியது ஈரம். கொழும்பின் காற்றே எந்நாளும் ஈரமானது. யன்னலில்லாத குளியலறையில் காலையில் குளித்த நீர் மாலைவரை காயாது. ஆகவே மருந்தைக் கூட்டுவதைவிட ஈரத்தைக் குறைப்பதே வேலை. கடைசியாகக் குளிப்பவர் தரை நீரை வைப்பரால் தள்ளிவிடட்டும். கதவைத் திறந்து வைத்து மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். நனைந்த துணிகளையும் கால்மிதியையும் உள்ளே வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இதை மட்டும் செய்தே கறுப்பு வெகுவாகக் குறைந்தது. வீட்டில் இழுப்பு வருத்தம் உள்ளவர்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம். பங்கசும் அவர்களுக்குக் கூடாது, பிளீச் ஆவியும் கூடாது.

தவறு 7: "வாளி நீரை ஊற்றிவிட்டால் நுளம்பு இல்லை"

2017 இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாயினர். கொழும்பு எப்போதும் முன்னணியில் நிற்கும் மாவட்டம். டெங்கு என்றதும் நாம் கால்வாயைத்தான் பார்க்கிறோம். ஆனால் டெங்கு நுளம்பு விரும்புவது கிருலப்பனைக் கால்வாயின் அழுக்கு நீரை அல்ல, எங்கள் குளியலறை வாளியின் தெளிந்த நீரை. நீர்வெட்டுக்குப் பயந்து பீப்பாவில் சேமிப்பதை, ஆள் இல்லாத அறையின் கொமட் தாங்கியில் நிற்பதை.

அந்த நுளம்பு முட்டையை நீரில் இடுவதில்லை. நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, வாளியின் உட்சுவரில் ஒட்டுகிறது. நீரை ஊற்றினாலும் முட்டை சுவரில் இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்திருந்தும் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் நிரம்பியதும் பொரிக்கும். முட்டையில் இருந்து நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள். ஆகவே கிழமைக்கு ஒருமுறை வாளி, பீப்பா, தொட்டி ஆகியவற்றின் உட்புறத்தைப் பொச்சு அல்லது தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். இதற்கு மருந்து தேவையில்லை, கைதான் தேவை.

வாயு வந்துவிட்டால்

மூக்கில் குத்தும் மணம் வந்து கண் எரிந்தால் உடனே வெளியே வாருங்கள். "தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வருகிறேன்" என்று உள்ளே நிற்க வேண்டாம், மீண்டும் உள்ளே போகவும் வேண்டாம். பர்லிங்டனில் இறந்தவர் செய்தது அதுதான். வீட்டுக் கதவு யன்னல்களைத் திறந்து எல்லோரும் வெளியே நில்லுங்கள். உடுப்பில் பட்டிருந்தால் கழற்றுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்கவோ பால் பருக்கவோ முயல வேண்டாம்.

மூச்சு இழுப்பு, நெஞ்சு இறுக்கம், தொடர் இருமல் இருந்தால் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். கிருலப்பனையில் இருப்பவர்களுக்கு களுபோவில போதனா வைத்தியசாலையும் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் கிட்ட. முதலில் குறைந்தது போலத் தோன்றி, சில மணித்தியாலங்களின் பின் நுரையீரலில் நீர் கோர்ப்பதும் உண்டு. ஆகவே "இப்ப சுகம்" என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். எந்தப் போத்தல்களைப் பாவித்தீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள், முடிந்தால் லேபலைப் படம் எடுத்துக் காட்டுங்கள்.

ஊர் வீட்டுக்கு

அம்மா கேட்டார்: "அப்ப ஊர் வீட்டுக்கு என்ன செய்யிறது? அங்க காறை பிடிக்கும்தானே?"

பிடிக்கும். அங்கே அமிலத்துக்கு வேலை உண்டு. முதலில் வினாகிரியையோ தேசிப்புளியையோ ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டுப் பார்க்கலாம். போகாவிட்டால் மலசலகூடத் திரவத்தைக் காறை உள்ள இடத்தில் மட்டும், கதவு திறந்தபடி, கையுறையோடு பாவிக்கலாம். அன்று பிளீச் கிடையாது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஊரில் எங்கள் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக் கல். குழிக்குள் ஊற்றுவது கிணற்றுக்குப் போகாது என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மீறி இருப்பதற்கு உரத்தோடு மலசலகூடக் குழிகளும் ஒரு காரணம். மேலும் குழிக்குள் கழிவை உக்கச் செய்வது பற்றீரியாக்கள். வாரந்தோறும் போத்தல் கணக்கில் அசிட்டும் பிளீச்சிங் பவுடரும் உள்ளே போனால் அவை சாகும், குழி விரைவில் நிரம்பும்.

யார் கழுவுகிறார்கள்?

இந்த ஆபத்துகள் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. பெரும்பாலான வீடுகளில் அந்த யன்னலில்லாத அறைக்குள் குந்தியிருப்பவர் அம்மா, மனைவி, மருமகள். சில வீடுகளில் மலையகத்தில் இருந்து வேலைக்கு வந்த பெண். "நல்லா வெள்ளையா வரவேணும்" என்று சொல்லி ஒரு போத்தலைக் கொடுத்துவிடுகிறோம். உள்ளே என்ன இருக்கிறது, எதோடு சேர்க்கக் கூடாது, நேற்று யார் என்ன ஊற்றினார் என்று சொல்வதில்லை. கையுறை வாங்கிக் கொடுப்பதும் இல்லை. நான்கு குடும்பம் பகிரும் மலசலகூடம் என்றால் இந்தத் தகவல் இன்னும் அவசியம். கதவில் ஒரு தாளை ஒட்டி, யார் என்ன பாவித்தார் என்று எழுதி வைத்தாலே போதும்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை முறை வைத்திருக்கிறோம். சவர்க்காரத் தூள், தும்புத்தடி, திறந்த கதவு. மாதத்துக்கு ஒருமுறை, தேய்த்துக் கழுவிய பின், நான்கு தேக்கரண்டிக் கணக்கில் பிளீச். அசிட் வாங்குவதில்லை. கழுவுவது நானும் தம்பியும். பிளீச் போத்தலில் தங்கச்சி தமிழில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: "அசிட், ஹார்பிக், வினாகிரி, தேசிக்காய் எதோடும் சேர்க்கக் கூடாது. ஊற்றினால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லு."

அம்மா அதை வாசித்துவிட்டு, எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். மாற்றி எழுதியிருக்கிறோம்.